கல்லணையில் கரிகாலன் கட்டியது எது?

தம்பி, கல்லணைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்வியைத்தான் நீயும் கேட்டாய். பொதுப்பணித் துறையில் காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன். நீ போட்டோ எடுத்த மதகு, ஷட்டர், பாலம் எதுவும் கரிகாலனுடையது இல்லை. அவன் போட்டது அடியில் கிடக்கிறது. ஆழம் காணாத ஆற்று மணலில் பாறையைத் தள்ளி, அது தன் எடையிலேயே புதைய, களிமண் சேர்த்து மேலும் பாறை அடுக்கிய கட்டு அது. 1,079 அடி நீளம். நேர்கோடுகூட இல்லை, நெளிந்துதான் போகும்.

அதன் மேல் பலர் கை வைத்திருக்கிறார்கள். 1804 வாக்கில் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளர் உயரத்தைக் கூட்டினார் (மொழி ஆராய்ந்த கால்டுவெல் வேறு, குழப்பிக்கொள்ளாதே). மணல் விடவில்லை. மேடு தட்டி, வெள்ளம் கொள்ளிடத்தோடு போக, தஞ்சாவூர் வாய்க்கால்கள் காய்ந்தன. 1830 வாக்கில் வந்த பொறியாளர் ஆர்தர் காட்டன் நினைத்திருந்தால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கலாம். யார் கேட்டிருப்பார்கள்? அவர் மணற்போக்கிகளை மட்டும் திறந்துவிட்டார். பழைய அஸ்திவாரத்தைப் பார்த்துப் பாடமும் படித்துக்கொண்டார். பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கு மணலிலேயே கடைக்கால் போட்டது அந்தத் தைரியத்தில்தான். 1880களில் மேலே மதகுகள் வந்தன. மேட்டூர் அணை வந்த 1930களில் புதாறு என்கிற புதிய கால்வாய்க்கும் இங்கிருந்தே தலைப்பு வைத்தார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் காவிரித் தண்ணீர் பாய்ந்தது அப்படித்தான்.

காட்டனும் எல்லாம் தெரிந்தவர் இல்லை. 1836-இல் முக்கொம்பில் மேலணை கட்டினார். காவிரியில் தண்ணீர் அளவுக்கு மீறி இறங்கி, படுகையை அரிக்க ஆரம்பித்தது. பத்து வருஷத்துக்குள் அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. தாழ்த்த முடிந்ததே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஜூனில் தண்ணீர் திறக்கும் முன் ஒரு நாள் போய்ப் பார். ஷட்டரின் திருகுத் தண்டைத் துடைத்து கிரீஸ் தடவுவார்கள். துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பார்கள். தேய்கிற பாகமெல்லாம் மதகைக் கவனிக்கிற லஸ்கரின் கைக்கு எட்டும். எட்டாத இடத்தில் இருப்பது வெறும் பாறைதான்.

இதே கண்ணோடுதான் உன் அப்பாவுக்கு நீ போட்ட வீட்டு பிளானையும் பார்த்தேன். முகப்பு அழகுதான். ஆனால் குழாய் எல்லாவற்றையும் சுவருக்குள் புதைத்து மேலே டைல்ஸ் ஒட்டியிருக்கிறாய். கசிவு கண்டால் பிளம்பர் எந்தச் சுவரை உடைப்பான்? மாடிப்படியை ஹாலுக்கு நடுவில் வைத்திருக்கிறாய். நாளைக்கு உன் தம்பி கல்யாணமாகி மாடியில் தனிக்குடித்தனம் வைத்தால், அந்தப் பெண் உங்கள் டிவிக்குக் குறுக்கேதான் போய்வர வேண்டுமா? குழாய்களுக்குப் பின்பக்கம் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து விடு. படியை வெளியே கொண்டு போ. பின்னால் மேலே கட்ட வசதியாக மொட்டை மாடித் தூண்களில் கம்பியை நீட்டி விட்டு, துரு ஏறாமல் சிமெண்ட் பால் பூசச் சொல்.