மிதிச்சபடி இரும், தம்பி

நண்பனின் மொறிஸ் மைனருக்கு ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவை மாஸ்ரர் சிலிண்டரின் றப்பர்களை மாற்றியாயிற்று. மூன்றாம் தடவை சிலிண்டரையே புதிதாகப் போட்டார்கள். அப்போதும் பிறேக்கை மிதித்தால் கால் மெத்தையில் புதைவதுபோலத்தான் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பிள்ளையின் சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்ற அன்று, அவனது மனைவி சாவியை வாங்கி வைத்துவிட்டார். அதன் பிறகுதான் யாரோ சொல்ல, இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து, கொக்குவிலில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் அண்ணையிடம் போனோம். தன் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆதலால் இங்கும் அவர் அண்ணைதான்.

பெயர்ப்பலகை இல்லாத கராஜ். மாமர நிழலில் ஒரு தகரக் கொட்டில், அதற்குள் சில்லுகள் கழற்றிய ஒஸ்ரின் கேம்பிரிஜ் ஒன்று. நாங்கள் கதையை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை அண்ணை குறுக்கிடவில்லை. பிறகும் ஸ்பனர்களைத் தேடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு காருக்குள் ஏறி இருந்து மிதித்தார். விட்டார். மறுபடி மிதித்து, அப்படியே அழுத்திப் பிடித்தபடி ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் மணித்தியாலம் இதுதான் நடந்தது.

"மூண்டு விதமாய் இளகும்" என்றார். "திரும்பத் திரும்ப மிதிக்கப் பெடல் மேலை வருதெண்டால் பிறேக் சூ தூரத்திலை நிக்குது, இல்லாட்டில் உள்ளுக்குக் காத்து. மிதிச்சபடி இருக்க மெல்ல மெல்லக் கீழை போகுதெண்டால் மாஸ்ரர், இல்லாட்டில் எங்கையோ ஒழுகுது. இது ரண்டுமில்லை. மேலையும் வரேல்லை, கீழையும் போகேல்லை. என்னமோ ஒண்டு விரிஞ்சு சுருங்குது."

கால் கொடுக்கும் பலத்தைச் சில்லுக்குக் கொண்டுபோவது குழாய்க்குள் இருக்கும் பிறேக் ஓயில். ஓயில் நசுங்காது என்ற நம்பிக்கையில்தான் அந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. ஓயிலைத் தாங்கும் எதுவும் விரிந்து கொடுக்கத் தொடங்கினால், பலம் அங்கேயே செலவாகிவிடும்.

மைனரில் மாஸ்ரர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஓயில் விடுவதற்கே தரைவிரிப்பை விலக்கவேண்டும். முன்சில்லுகளுக்கு வில்லாக வேலைசெய்யும் நீளக் கம்பி சிலிண்டரின் ஆணிகளை வழிமறித்துக்கொண்டிருப்பதால், கழற்றிப் பூட்டுவது பெரும்பாடு. அந்தப் பெரும்பாட்டுக்குத்தான் நண்பன் மூன்று தடவை காசு கொடுத்திருந்தான்.

அண்ணை கொட்டிலுக்குள் போய் ஆணியில் தொங்கிய மூன்று இடுக்கிகளை எடுத்துவந்தார். அன்றைய மிச்சப் பொழுதை அவைதான் எடுத்துக்கொண்டன. ஒவ்வொன்றும் விரல் நீளப் பாலைமரத் துண்டுகள் இரண்டு, அவற்றை இறுக்க இரண்டு ஆணி, கையால் திருகும் நட். மரத்தின் வாய்ப்பக்கத்தில் சைக்கிள் ரியூப் ஒட்டியிருந்தது. இரும்பால் நெரித்தால் றப்பர்க் குழாய் உள்ளே வெடித்துவிடும் என்றார். மைனருக்கு வளையும் குழாய்கள் மூன்று: முன்சில்லுக்கு ஒவ்வொன்று, பின்பக்கம் முழுவதற்கும் ஒன்று. மூன்றையும் தலைப்பக்கத்தில் நெரித்துவிட்டு, "இப்ப மிதியும் தம்பி" என்றார். பெடல் கல்லாக நின்றது. மாஸ்ரர் சிலிண்டரில் ஒரு குறையும் இல்லை. முதல் நாளும் இருந்திராது.

முன் இடுக்கிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். பெடல் கொஞ்சம் இறங்கி, அங்கேயே இறுகி நின்றது. பின்னுள்ளதைத் தளர்த்தியதும் கால் புதைந்தது.

இந்த இடுக்கிகள் எப்போது செய்தவை என்று கேட்டேன். 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது அண்ணை பழகுநர். பெற்றோல் இல்லை, சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடின கார்கள். உதிரிப்பாகமும் இல்லை. "ஒரு றப்பர்க் கப் தேடி மாசக்கணக்கிலை அலைஞ்சனாங்கள். பிழையான இடத்தைக் கழட்டினால், அங்கை நல்லா இருந்த பழைய றப்பரும் பிறகு இருக்காது. அதாலை, எங்கை பிழையெண்டு தெரியாமல் ஒண்டையும் கழட்டக்கூடாதெண்டு என்ரை குரு அடிச்சுச் சொல்லித் தந்தவர்." 1995 ஒக்ரோபர் இறுதியில் போரால் இடம்பெயர்ந்து ஊரோடு தென்மராட்சிக்கு நடந்தபோது, சைக்கிளில் அம்மாவும் உடுப்பு மூட்டையும் இந்த இடுக்கிகளும் மட்டுமே வந்தனவாம். குரு திரும்பி வரவில்லை. அதற்குமேல் அண்ணை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பின்சில்லுகளைக் கழற்றி, ட்ரம்மின் துளைவழி சூக்களைச் சரிசெய்ததும், நிப்பிளைத் திறந்து காற்றுக் குமிழ் வருகிறதா என்று பார்த்ததும் நெடுநேரம் எடுத்தன. குமிழ் ஒன்றும் இல்லை. பிறகு அண்ணை காருக்குக் கீழே படுத்து, பின்குழாயை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, "மிதியும்... விடும்" என்றார். என்னையும் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னார். நண்பன் மிதிக்கும்போதெல்லாம் குழாய் தவளையின் தொண்டைபோல் புடைத்துத் தணிந்தது. பார்வைக்கு அது புத்தம் புதியது. எட்டு மாதத்துக்கு முன் நகரத்தில் ஒரு கடையில் 'ஒறிஜினல்' என்று கேட்ட விலை கொடுத்து வாங்கிப் பூட்டியது.

பிறேக் இளகத் தொடங்கியது அந்த எட்டு மாதத்துக்குள்தான். ஆனால் புதிதாகப் போட்டதில் பிழை இருக்காது என்று ஒவ்வொரு கராஜும் அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

எனக்குக் கோபம் அந்தக் குழாயை விற்றவர்மேல். மைனர் 1948இல் வந்து 1971இல் தயாரிப்பு நின்றுபோன கார். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய கார்களுக்கு மவுசு ஏறியது. பழைய கார்ச் சாமான் என்று சொல்லி எதையும் விற்கலாம் என்றாயிற்று. றப்பர் தட்டில் சும்மா கிடந்தாலும் சாகும். பிறேக் ஓயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்: டொட் 3 ஓயிலின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச வரம்பு புதிதில் 205 பாகை, ஈரம் ஏறியபின் 140. இதெல்லாம் தெரிந்தும் திறந்த ரின்னிலிருந்து அளந்து விற்கிறவர் இருக்கிறார். அவர் விற்பது மனித உயிரோடு தொடுத்த பொருள். கராஜ்காரரும் பொருளின் விலைமேல் வைக்கும் பங்கில்தான் பிழைக்கிறார். மாற்றினால் காசு, தேடினால் காசில்லை. பிழையைக் கண்டுபிடித்ததற்கென்று ஒரு பில்லிலும் ஒரு வரி எழுதி நான் கண்டதில்லை. அண்ணை மூன்றரை மணித்தியாலம் தேடினார். 2002இல் யாழ்ப்பாணத்துக்கான பாதை திறந்து சாமான்கள் வரத் தொடங்கிய பிறகு, இப்படித் தேடச்சொல்லி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கடைசியாகப் பழகிய பையன் இப்போது பிரான்சில்.

நல்ல குழாய் கொழும்பிலிருந்து வர ஐந்து நாள் ஆனது. அதுவரை காரை அங்கேயே விட்டோம். ஆறாம் நாள் பூட்டி, காற்று எடுத்த பின் அண்ணை என்னைப் பார்த்து, "நீங்களும் ஒருக்கால் மிதிச்சுப் பாருங்கோ, செருப்பைக் கழட்டிப்போட்டு" என்றார். இரண்டு அங்குலம் போய்ப் பெடல் உறுதியாக நின்றது. தரையின் குளிர்ச்சிகூடக் காலுக்குத் தெரிந்தது.

நண்பன் கேட்டதைவிடக் கூடவே கொடுத்தான். அண்ணை மிச்சத்தைத் திருப்பி அவன் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஓர் இடுக்கியில் தேய்ந்துபோன சைக்கிள் ரியூப்பைக் கத்தியால் சுரண்டி எடுக்கத் தொடங்கினார்.