வால்தகட்டில் எத்தனை முள்?

ஆழ்கடலில் புது உயிரினம் என்று செய்தி வந்தால் நீர்மூழ்கி, அதன் விளக்கு வெளிச்சம், கண்ணாடிக்கு அப்பால் சட்டென்று எதிர்ப்படும் விநோதப் பிராணி என்றுதான் மனம் படம் போடும். 2025 ஜனவரியில் உலகப் பத்திரிகைகளில் அடிபட்ட 'பாத்தினோமஸ் வேடரி' அகப்பட்டதோ கடைத்தெருவில். வியட்நாமின் குயி நோன் நகரத்தில், 2022 மார்ச்சில், ஹனோய்ப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சாப்பாட்டுக்கு விற்கிற ராட்சத ஐசோபாட் என்ற ஓட்டுடலிகளில் நான்கைக் காசு கொடுத்து வாங்கினார்கள். இரண்டைச் சிங்கப்பூரில் பீட்டர் இங்குக்கு அனுப்பி, என்ன இனம் என்று பார்த்துச் சொல்லக் கேட்டார்கள். நண்டு, இறால் வகைகளை அடையாளம் காண்பதில் ஆசியாவில் அவர் பெரிய புள்ளி. அவரும் இந்தோனேசியாவின் கோனி சிடாபலோக்கும் வியட்நாமின் நுயென் தான் சோனும் சேர்ந்து எழுதிய கட்டுரையோடு பெயர் வந்து சேர்ந்தது.

அதற்குள் அந்த இனத்தில் எத்தனையோ உருப்படிகள் ஆவியில் வெந்து தட்டுக்குப் போய்விட்டன. ஸ்பிராட்லி தீவுகளை ஒட்டிய ஆழத்தில் வலை இழுப்பவர்களுக்கு அது பழகிய சரக்கு. 2017 வரை மற்ற மீனோடு கலந்து வந்து விழும் மலிவுச் சரக்காகத்தான் இருந்தது. பிறகு சமூக ஊடகத்தில் பேச்சுக் கிளம்பியது, சிங்கி இறாலைவிட ருசி என்றார்கள். ஹனோயிலும் ஹோ சி மின் நகரத்திலும் உணவகத் தொட்டிகளில் உயிரோடு போட்டு விற்கிற அளவுக்கு மவுசு ஏறியது.

எனக்கு இந்தச் செய்தியில் சுவையே இங்கேதான். வலைக்காரருக்குத் தெரியும், வியாபாரிக்குத் தெரியும், சமையற்கட்டில் கத்தி பிடிப்பவருக்கு உள்ளும் புறமும் தெரியும். அப்படியிருக்க, கண்டுபிடிக்கப்பட்டது என்ன? பிராணி அல்ல, ஒரு வித்தியாசம். அதே கடலில் அதே உருவத்தில் கிடைக்கும் பாத்தினோமஸ் ஜேம்சி என்ற இனம் 2017-லேயே விவரிக்கப்பட்டுவிட்டது. 'இது அது அல்ல' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் உட்கார்ந்திருப்பது எப்போதும் கடலிலிருந்து வெகுதூரம் தள்ளி, ஒரு மேசைக்கு முன்னால்.

என் பிழைப்பு இந்த ராட்சதர்களின் குட்டி உறவினர்களோடு. மீனின் செவுளிலும் வாய்க்குள்ளும் ஒட்டிக்கொண்டு கிடக்கும் மீன்பேன்கள் என்னுடையவை. அவையும் ஐசோபாட்கள்தான். அதற்காகத் தூத்துக்குடித் துறைமுகத்தில், காலையில் போன லாஞ்சுகள் ராத்திரி கரை சேரும்போது, ஏலம் முடிந்து ஒதுக்கப்பட்ட சங்காயக் குவியலைக் கிளறிக்கொண்டு நிற்பேன். ஆழ்கடல் சரக்கு வேண்டுமென்றால் கொல்லத்துச் சக்திகுளங்கரைக்குப் போக வேண்டும். சிவப்பு இறால் பெட்டி பெட்டியாக இறங்கும் துறை அது. அங்கே படகுகளில் வேலை செய்பவர்களில் நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் நிறைய. ஒருமுறை ஒருவர் முழங்கை நீளத்தில் பாதி இருந்த பாத்தினோமஸ் ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கி, "சார், இந்தக் கரப்பான் வேணுமா? சும்மா எடுத்துக்கிடுங்க" என்றார். நான் வாங்கிக்கொண்ட வேகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "போன தடவை இதைவிடப் பெருசு வந்துச்சு. தண்ணியில வீசிட்டோம்" என்று சேர்த்தார். இந்தத் தொழிலில் இருப்பவர் எல்லோரும் இந்த வாக்கியத்தை எங்காவது ஒரு துறையில் கேட்டிருப்பார்கள்.

பூந்தொட்டியைத் தூக்கினால் ஈரத்தில் சுருண்டுகொள்ளும் சாம்பல் நிறப் பூச்சி உண்டல்லவா, அதுவும் ஐசோபாட் கூட்டம்தான். பூச்சி என்று சொல்கிறோமே தவிர, இறால், நண்டு சாதி. பாத்தினோமஸ் அதன் ஆழ்கடல் பங்காளி. பதினான்கு கால், முகத்தின் இரு பக்கமும் முக்கோணமாகப் பளபளக்கும் கூட்டுக்கண்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிய முதுகுத் தகடுகள், கடைசியில் விளிம்பெல்லாம் முள் வைத்த அகன்ற வால்தகடு. வேடரி 32.5 செ.மீ. வரை வளர்கிறது, எடை ஒரு கிலோவைத் தாண்டுகிறது. தரையில் விழுந்த திமிங்கிலப் பிணமோ மீன் பிணமோ கிடைத்தால் வயிறு வெடிக்கத் தின்னும்; கிடைக்காவிட்டால் காத்திருக்கும். ஜப்பானின் டோபா நீர்வாழ் காட்சியகத்தில் இருந்த ஒன்று 2009 ஜனவரி 2-ம் தேதி ஒரு சிறு மீனைத் தின்றதோடு சரி. பிறகு 2014 பிப்ரவரியில் சாகும்வரை ஒன்றும் தொடவில்லை. ஐந்து வருஷ உபவாசம்! பராமரித்தவர்கள் என்னென்னவோ ஆசை காட்டிப் பார்த்தார்கள்.

சரி, மேசைக்கு வருவோம். உடலை எத்தில் ஆல்கஹாலில் போட்டவுடன் முதலில் போவது நிறம். ஆழ்கடல் இறால் கரையில் ரத்தச் சிவப்பாக இருக்கும், சில நாளில் வெளுத்துத் தேங்காய்ப்பத்தை போல் ஆகிவிடும். அதனால் படகிலேயே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபார்மலினில் போட்டால் உடல் உறுதியாக நிற்கும், ஆனால் பிறகு டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. எதில் போடுவது என்று தீர்மானிக்கும்போதே, இருபது வருஷம் கழித்து வரப்போகிறவன் என்ன கேட்பான் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறோம்.

அடுத்தது பிரித்தல். நுண்ணோக்கியின் கீழ், பூச்சி குத்தும் ஊசியைத் தீட்டிச் செய்த முனையால் வாயுறுப்புகளை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டும். உடலின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் கை வைப்போம். மறுபக்கம் அப்படியே இருக்க வேண்டும். நாளைக்கு ஒருவர் வந்து நாம் சொன்னது சரியா என்று பார்க்க அது சாட்சி. கழற்றிய உறுப்பைக் கிளிசரின் சொட்டில் வைத்து, நுண்ணோக்கியோடு இணைந்த வரைகண்ணாடி வழியாகக் காகிதத்தில் பென்சில் ஓட்டுவோம். கண் ஒன்றையே பார்க்கிறது, கை அதன் நிழலின்மேல் போகிறது. மயிர்களை வரைவதுதான் தவம். ஒரு தாடைக்காலின் விளிம்பில் நிற்கும் மயிர்களில் எது நுனி பிளந்தது, எது இறகுபோல் கிளைத்தது, எது வெறும் முள் என்று பார்த்துப் பார்த்து வரைவதற்குள் தேநீர் ஆறி ஆடை கட்டிவிடும். புகைப்படம் போதாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி காட்டும். வரைபவர் எது முக்கியம் என்று முடிவு செய்துதான் கோடு போட முடியும். என் அனுபவத்தில், வரையும்போதுதான் பார்க்கவே தொடங்குகிறோம்.

பாத்தினோமஸில் கேள்வி பெரும்பாலும் வால்தகட்டுக்கு வந்து நிற்கும். முள் எத்தனை, நேராக இருக்கிறதா மேல்நோக்கி வளைந்திருக்கிறதா, ஓரத்து முள்ளைக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா? 1972-ல் ஒரு இனத்துக்குப் 'பத்து முள்' என்ற பொருளிலேயே டெசெம்ஸ்பைனோசஸ் என்று பெயர் வைத்தார்கள். ஒன்று ஒடிந்திருந்தால்? என் மாணவி ஒருத்தி கொல்லத்து உருப்படியை எடுத்துவைத்துக்கொண்டு இதே கேள்வியில் ஒரு வாரம் திண்டாடினாள். இன்னொரு தொல்லை, ஐசோபாட் தோலுரிப்பது இரண்டு தவணையில். முதலில் பின்பாதிச் சட்டையைக் கழற்றும், சில நாள் விட்டு முன்பாதி. அந்த இடைவெளியில் வலையில் விழுந்தால் ஒரே உடலில் இரண்டு பிராணி இருப்பதுபோல் அளவும் நிறமும் ஒட்டாது. தாயின் வயிற்றுப் பையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கோ கடைசி ஜோடிக் கால் முளைத்திருக்காது. பன்னிரண்டு கால் ஐசோபாட் கண்டேன் என்று துள்ளினால் குஞ்சைப் பார்த்துத் துள்ளியதாக ஆகிவிடும்.

எல்லாம் முடிந்தால் ஒரே ஒரு உடலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுதான் ஹோலோடைப். இனி அந்தப் பெயர் முதலில் அந்த ஒரு உடலுக்குச் சொந்தம். மற்ற கோடானுகோடி உடல்களுக்கும் அதோடு ஒத்துப்போகிற வரைக்கும்தான் சொந்தம். முழுதாக, முதிர்ந்ததாக, கால் எதுவும் போகாததாக ஒன்றைப் பொறுக்கி, அருங்காட்சியகத்தில் சேர்த்து, எண் வாங்கி, சீட்டையும் புட்டிக்கு உள்ளேயே போட வேண்டும். சாராயத்தில் கரையாத மையில் அல்லது பென்சிலில் எழுதிய சீட்டு. வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துபோகும், பூச்சி தின்னும். எங்கே, எந்த ஆழத்தில், எந்த நாளில் பிடித்தது என்ற நாலு வரி போய்விட்டால், மீதி இருப்பது ஊறிய இறைச்சிதான்.

பெயர் வைப்பதில் வேடிக்கை உண்டு. தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்ள விதியில் தடையில்லை, ஆனால் பிறகு சபையில் தலைகாட்ட முடியாது. வேடரிக்கு அந்தப் பெயர் வந்தது தலையின் அமைப்பு 'ஸ்டார் வார்ஸ்' படத்து டார்த் வேடரின் கவசத்தைப் போல இருந்ததால். சினிமாப் பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் சாதுவான பெயர் வைத்திருந்தால் எந்தப் பத்திரிகையும் சீந்தியிருக்காது என்பதும் தெரியும். 2020-ல் மரியானா அகழியில் 6,000 மீட்டருக்குக் கீழே பிடித்த, ஆம்பிபாட் என்ற ஓட்டுடலி வகையைச் சேர்ந்த ஒன்றுக்கு 'யூரிதீனிஸ் பிளாஸ்டிகஸ்' என்று வைத்தார்கள். அதன் குடலில் பெட் பிளாஸ்டிக்கை ஒத்த இழை கிடந்தது. மனிதன் பெயர் கொடுப்பதற்கு முன்பே மனிதனின் குப்பை போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பெயரை நான் ஒப்புக்கொள்கிறேன்.

புதிதைச் சொல்லப் பழையது வேண்டும் என்பதற்கு நம் வங்கக் கடலே நல்ல உதாரணம். பாத்தினோமஸ் பேரினத்தை 1879-ல் பாரிஸில் ஆல்ஃபோன்ஸ் மில்ன் எட்வர்ட்ஸ் விவரித்தார். உடல் வந்தது மெக்சிகோ வளைகுடாவிலிருந்து, அலெக்சாண்டர் அகாஸி சேகரித்தது. பம்பாயில் கட்டி 1881-ல் மிதக்கவிட்ட 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற அளவைக் கப்பல் வங்கக் கடலிலிருந்தும் இதே போன்றதை எடுத்தது. விலங்கியலாளர்கள் வுட்-மேசனும் ஆல்காக்கும் 1891-ல் அதை மெக்சிகோக்காரனின் பெயரிலேயே எழுதிவைத்தார்கள். 1908-ல் லாயிட் அதே பெயரில் அதன் உள் உடற்கூற்றை விவரித்தார். 2006-ல் ஆஸ்திரேலியாவின் லௌரியும் டெம்ப்சியும் இந்தோ-மேற்குப் பசிபிக் கடல்களின் பாத்தினோமஸ்களை வரிசைப்படுத்தி ஒப்பிட்டபோதுதான் நம்முடையது வேறு இனம் என்று தெரிந்து, 'கீபிளி' என்று பெயர் பெற்றது. நூறு வருஷத்துக்கு மேல் வேற்றுப் பெயரில் குடியிருந்த பிராணி! கப்பல், வலை, புயல் எல்லாம் முடிந்துபோன பிறகு, நூலகத்திலும் புட்டி அலமாரியிலும் நடந்த கண்டுபிடிப்பு அது.

அந்தக் காலத்து விவரணைகளை இன்றும் நம்பிக் கையிலெடுக்க முடிகிறதென்றால் காரணம் படங்கள். ஆல்காக்கின் ஆழ்கடல் ஓட்டுடலிகளைக் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் வரைந்தவர்கள் சௌத்ரி, மண்டல் என்ற இரண்டு வங்காள ஓவியர்கள். இறாலின் கொம்பு முள் ஒவ்வொன்றும் எண்ணத் தகும்படி போட்டிருக்கிறார்கள். இனத்தின் பெயருக்குப் பின்னால் ஆல்காக்கின் பெயர் வருகிறது. ஓவியர் பெயர் படத்தின் அடியில் பொடி எழுத்தில். இந்த வழக்கம் எனக்கு ஏற்றதாகப் பட்டதே இல்லை.

பிடித்த நாளிலிருந்து பெயர் வைக்கும் நாள்வரை ஒரு உயிரினம் சராசரியாக 21 வருஷம் அலமாரியில் கிடக்கிறது என்று 2012-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. எங்களில் யாரும் ஆச்சரியப்படவில்லை. வேலை மெதுவானது மட்டும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு பேரினத்தைத் திருத்தி எழுத ஐந்து வருஷம் எடுத்துக்கொள்பவனுக்குப் பதவி உயர்வுப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் நிரம்புகிறது. டிஎன்ஏ எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்கிறார்கள். அது கேள்வியைக் கூர்மையாக்கும், உண்மை. 1822 முதல் ஒரே இனம் என்று துருவத்திலிருந்து துருவம்வரை எழுதிவந்த 'யூரிதீனிஸ் கிரில்லஸ்' ஒன்றல்ல, பல என்று 2013-ல் மரபணுதான் காட்டிக்கொடுத்தது. ஆனால் அதில் எது அசல் கிரில்லஸ் என்று சொல்ல மறுபடியும் யாராவது உட்கார்ந்து கால் மயிரைப் பார்த்தாக வேண்டியிருந்தது.

பசிபிக்கில் கிளேரியன்-கிளிப்பர்டன் என்ற, உலோக உருண்டைகள் சிதறிக்கிடக்கும் பரப்பில் பதிவான 5,578 இனங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதுக்குப் பெயர் இல்லை என்று 2023-ல் கணக்குச் சொன்னார்கள். மத்திய இந்தியப் பெருங்கடலில் இதே உருண்டைகளைத் துருவ இந்தியாவுக்கு 75,000 சதுர கிலோமீட்டர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேரை 6,000 மீட்டருக்கு இறக்கும் 'மத்ஸ்யா 6000' கலத்தை உருவாக்கிவருகிறது. இறங்கட்டும், எனக்கும் ஆசைதான். அது கொண்டுவரும் புட்டிகளைத் திறந்து முள் எண்ண எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதைக் காணோம்.

இந்தியப் பெருங்கடல் வெந்நீர் ஊற்றுகளில் செதில்கால் நத்தை என்று ஒன்று இருக்கிறது. 2001-ல் கிடைத்தது, 2015-ல் முறையாக விவரித்தார்கள், 2019-ல் கடல் சுரங்கத்தால் அழியும் ஆபத்துள்ளது என்று உலகச் சிவப்புப் பட்டியலில் ஏற்றினார்கள். நத்தை ஓட்டுடலி அல்ல, இருந்தாலும் அந்த வரிசையைக் கவனிக்கலாம். சுற்றுச்சூழல் அறிக்கையின் அட்டவணையில் 'ஆம்பிபாட், இனம் 4' என்று கிடக்கிற ஒரு வரியை அந்தப் பட்டியலில் ஏற்ற வழியே இல்லை.