ஆறு சுகர் கிளைடரும் ஒரு பொட்டி தட்டுறவனும்

பதிவு எழுதி நாலு மாசம் ஆச்சு மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லலாம். நிஜமான காரணம், எழுத நினைத்த விஷயத்தில் வில்லன் வேஷம் பாதி எனக்கும் சேருகிறது. அதனால் கை வரவில்லை. போன வாரம் அம்மா போன் பண்ணித் திட்டியதும், சரி எழுதியே தீர்த்துடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"டேய், உன் அணிலுங்க ராத்திரி ரெண்டு மணிக்கு நாய்க்குட்டி மாதிரி குலைக்குதுங்கடா. பக்கத்து வீட்டு அத்தை, நாய் வாங்கினீங்களான்னு கேக்கறாங்க."

"அது அணில் இல்லம்மா. பையில குட்டி வளக்கற ஜாதி. கங்காருவுக்கு தூரத்துச் சொந்தம்."

"கங்காருவோ கழுதையோ, சனிக்கிழமை வந்து கூண்டைக் கழுவு."

எங்க ஊர் செம்மங்குப்பம். கடலூரிலிருந்து சிதம்பரம் போற வழியில், சிப்காட் கம்பெனிகளை ஒட்டி இருக்கிறது. 2025 ஜூலை 8 அன்று ரயில்வே கேட்டில் ஸ்கூல் வேன் மேல் ரயில் மோதியதே, அந்த ஊரான்னு இப்ப எல்லாரும் கேக்கறாங்க. அதே ஊர்தான். அதை எழுத இன்னும் தெம்பு வரவில்லை. இது அதற்கு முன்னால் நடந்த கதை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2023 தீபாவளி லீவு. செல்லில் ஒரு வீடியோ. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு ஜீவன், பெரிய கருப்புக் கண்ணு, முதுகுல ஒரு கோடு. ஒருத்தர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துட்டு, கைகாலை விரிச்சு இன்னொருத்தர் தோளுக்கு மிதந்து போகுது. பெயர் சுகர் கிளைடர். கடலூர் பக்கத்திலேயே ஒரு தம்பி இதை வளர்த்து விற்கிறான் என்று நண்பன் சொன்னான். சும்மா பாத்துட்டு வரலாம்னு கிளம்பினேன். சும்மா பாக்கப் போய் சும்மா வந்தவன் எவனும் இல்லை :-)

தென்பெண்ணைக் கரையோரம் வீடு. மொட்டை மாடியில் தகரக் கொட்டாய். லவ் பேர்ட்ஸ் வளர்க்கிற கூண்டு ஒன்றில் பதினொன்று அடைந்து கிடந்தன. பகல் பன்னிரண்டு மணி. இது ராத்திரி ஜீவன், பகலில் இருட்டாக ஒரு பொந்தோ பையோ தூங்குவதற்கு வேணும். அங்கே ஒரு கோணித் துண்டு கூட இல்லை. தட்டில் வாழைப்பழமும் ஊறிப்போன பிஸ்கட்டும். தகரச் சூட்டில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, தன் கையைத் தானே நக்கி ஈரமாக்கிக் கொண்டிருந்தன. ஒன்று மட்டும் பின்னங்கால் ரெண்டையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது.

"கால் மரத்துப் போயிருக்குண்ணா, சரியாயிடும்" என்றான் தம்பி.

எனக்கு மனசு கேக்கல. அந்தக் கால் இழுத்ததையும், அதோடு ஒட்டிக்கொண்டிருந்த இன்னொன்றையும் கேட்டேன். ஜோடி எட்டாயிரம் சொன்னான், ஆறரைக்கு முடிந்தது. கால் வராததற்கு விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். வண்டியில் திரும்பி வரும்போது, ரெண்டு உயிரைக் காப்பாத்திட்டேன்னு எனக்கு ஒரே பீலிங்ஸ்.

அப்புறம்தான் படிக்கவே ஆரம்பித்தேன். வாங்குவதற்கு முன்னால் படித்திருக்க வேண்டியது.

சுகர் கிளைடருக்கு ஊர் ஆஸ்திரேலியாவும் நியூகினியும். பெரியதே 100 முதல் 150 கிராம் வரைதான் இருக்கும். முன்கைக்கும் பின்காலுக்கும் நடுவில் இருக்கிற தோலை விரித்து, மரத்துக்கு மரம் ஐம்பது மீட்டர் வரை மிதந்து போகும். வயிற்றுக்குள் கரு இருப்பது பதினாறு நாள்தான். அரிசியை விடச் சின்னதாக வெளியே வந்து, தாயின் பைக்குள் ஏறி இரண்டு மாதத்துக்கு மேல் அங்கேயே வளரும். காட்டில் சாப்பாடு மரப்பிசின், மரச்சாறு, தேன், பூச்சி. கூட்டமாகத்தான் வாழும். தனியாக விட்டால் சிலது தன் வாலையும் காலையும் தானே கடித்துக் குதறிக்கொள்ளும். வளர்ப்பில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அது காலேஜுக்குப் போற போதும் கூண்டு கழுவணும்.

பழமும் பிஸ்கட்டுமாகப் போட்டால் பாஸ்பரஸ் கூடி கால்சியம் குறையும். உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். முதலில் பின்னங்கால் போகும். மரத்துப் போன கால் என்று தம்பி சொன்னது இதுதான். டாக்டர் கால்சியம் கொடுத்தார், "லேட்டா வந்துட்டீங்க" என்றார். ஒன்பதாம் நாள் காலையில் அது செத்துக் கிடந்தது. கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்தோம். கூட வந்தது தனியாகிவிட்டது. அம்மா அதுக்கு லட்டுன்னு பேர் வெச்சாங்க.

ஒரு மாசம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன், எட்டிப் பார்த்தேன். கூண்டு மறுபடி நிறைந்திருந்தது. எண்ணினேன், பதிமூணு. தம்பி சந்தோஷமாகச் சொன்னான்:

"உங்க காசுலதாண்ணா பெங்களூர்லேர்ந்து ஒரு ஜோடி இறக்கினேன். தேங்ஸ்ணா."

அவன் நக்கல் பண்ணவில்லை. நிஜமாகவே நன்றி சொன்னான். அந்த நன்றி செவுள்ல விட்ட மாதிரி இருந்தது. நான் ரெண்டை வெளியே எடுத்தேன், அதில் ஒன்று செத்தது, அந்தக் காசில் ரெண்டு உள்ளே வந்தது. கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கணக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். காசு கொடுத்து எடுத்துவிட்டு அதுக்கு மீட்புன்னு பேர் வெச்சுக்கிட்டேன். அவன் நோட்டுல அது ஒரு விற்பனை, அவ்வளவுதான்.

சரி, புகார் கொடுக்கலாம் என்று சட்டத்தைத் தோண்டினேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022ல் திருத்தம் வந்து, 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சைட்டிஸ் என்கிற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் சுகர் கிளைடர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2018ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி கடைக்காரர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும். மொட்டை மாடியை யார் கடை என்று பார்ப்பார்கள்? மிச்சம் இருப்பது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம். பட்டினி போடுவது, நெருக்கி அடைப்பது எல்லாமே அதில் குற்றம்தான். முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ரெண்டு டீ, ஒரு பஜ்ஜி காசு.

எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. நானும் ஆணி பிடுங்கப் போய்விட்டேன். ஒரு வருஷம் அப்படியே ஓடியது. அந்தப் பக்கம் போவதையே தவிர்த்தேன்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அதோடு போச்சா? சாத்தனூர் அணைத் தண்ணியும் சேர்ந்து தென்பெண்ணை ரெண்டு கரையையும் முழுங்கியது. நாலாம் நாள் தம்பியிடமிருந்து போன்.

"அண்ணா, கொட்டாய் பறந்துடுச்சு. கீழ வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. ஆறுதாண்ணா மிச்சம். விட்டுடப் போறேன். நாலாயிரம் குடுத்துட்டு எடுத்துக்கோங்கண்ணா."

தண்ணி வடிந்ததும் போனேன். மாடிப்படி வளைவில் நனைந்த கூண்டு. உள்ளே ஆறும் ஒரே பந்தாகச் சுருண்டு கிடந்தன. கையில் எடுத்தால் ஜில்லென்று விறைத்திருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். டாக்டருக்குப் போன் போட்டேன். "குளிரும் பசியும் சேர்ந்தா உடம்பை அணைச்சுட்டு அப்படிக் கிடக்கும், மெதுவா சூடு காட்டுங்க" என்றார். சட்டைக்குள் வயிற்றோடு வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்தேன். அரைமணி நேரம் கழித்து ஒன்று என் தொப்புளை நகத்தால் பிறாண்டியது. வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் பிறாண்டு வாங்கியதில்லை.

தம்பி அப்போதுதான் கதையைச் சொன்னான். நகையை அடகு வைத்து இதில் இறங்கியிருக்கிறான். "குட்டி போட்டா நாங்களே திருப்பி எடுத்துக்கறோம்"னு சொல்லி அவன் தலையில் கட்டியவர்கள், அப்புறம் போனையே எடுக்கவில்லை. கேட்ட மாதிரி இல்ல? 2012ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி இப்படித்தானே! கொட்டாய் போடு, மாசாமாசம் பணம் என்று சொன்னார்கள். ஒரு நாள் பணம் நின்றது. பறவைகள் தீனி இல்லாமல் செத்து, கடைசியில் அரசாங்கமே தீனி போட வேண்டி வந்தது. ஜீவன்தான் மாறியிருக்கிறது, திட்டம் அதே திட்டம்.

அவன் மேல் வைத்திருந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. வீட்டுக்குள் சேறு. அவன் அம்மா நனைந்த அரிசியைத் தார்ப்பாயில் பரப்பிக்கொண்டிருந்தார்.

"இதுங்களுக்குக் காசு கிடையாது தம்பி. கூண்டு எல்லாத்தையும் சேத்துத்தான் எடுத்துப்பேன். திரும்ப ஆரம்பிக்கக் கூடாது" என்றேன். கொஞ்ச நேரம் தரையையே பார்த்தான். சரிண்ணா என்றான்.

மறுநாள் ஒரு மூட்டை அரிசியும் மளிகையும் போர்வையும் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அது வெள்ள நிவாரணமா, இல்லை நான் மறைத்துக் கொடுத்த விலையா? இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெளிவில்லை. கூண்டு அவனிடம் இல்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

வீட்டில் ஆறு வந்து சேர்ந்ததும் அம்மா ஒரு வாரம் பேசவில்லை. மூத்த பெண் ஒன்று பத்தாம் நாள் போய்விட்டது. மீதி அஞ்சு. மிருகக்காட்சிசாலைகளில் இதுகளுக்கு லெட்பீட்டர் கலவைன்னு ஒண்ணு குடுப்பாங்க. தேன், அவிச்ச முட்டை, கைக்குழந்தைக்குக் கொடுக்கிற தானிய மாவு, விட்டமின் பொடி எல்லாத்தையும் தண்ணியில அடிச்சுக் குடுக்கறது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்குச் சின்னதுல குடுத்ததுதாண்டா" என்று மிக்ஸியைக் கையில் வாங்கிக்கொண்டார். ஆஸ்திரேலியாவில் இது வேல மரத்துப் பிசினைத்தான் சுரண்டித் தின்னும் என்றதும், கடலூர் நாட்டு மருந்துக் கடையிலிருந்து வேலம்பிசின் வந்தது. ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு அதுக நக்கின நக்கைப் பார்க்கணுமே!

"முந்திரித் தோப்புல விட்டுடேன், பொழச்சுக்கும்" என்றார் மாமா. அங்கேதான் சிக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் டாஸ்மேனியாவுக்கு யாரோ கொண்டுபோன கிளைடர்கள், இன்று அங்கே ஸ்விஃப்ட் கிளி என்கிற அரிய பறவையை மரப்பொந்துக்குள் புகுந்து முட்டை, குஞ்சு, தாய் என்று சேர்த்தே தின்று அழித்துக்கொண்டிருக்கின்றன. நம்ம மரப்பொந்துல மைனாவும் கிளியும் இருக்கு. நான் பண்ணின தப்புக்கு அதுங்க ஏன் சாகணும்?

எனவே வீடு தேடினேன். ரெண்டு ஆண்களுக்கும் சென்னையில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். ஜோடியாகத்தான் தருவேன், கூண்டை நேரில் வந்து பார்ப்பேன், காசு வாங்க மாட்டேன். காசு இல்லை என்றதும் வந்த கூட்டத்தில் பாதிப்பேர் திருப்பி விற்கத்தான் வந்தார்கள் என்பது ரெண்டு கேள்வியிலேயே தெரிந்தது. ஒருத்தர், "பொண்ணு பர்த்டே வியாழக்கிழமை, அதுக்குள்ள டெலிவரி பண்ணுவீங்களா" என்றார். "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவீங்க" என்பதுதான் என் முதல் கேள்வி. அதற்குச் சிரித்தவர்களை எல்லாம் கழித்துவிட்டேன்.

மூணு மாசம் ஆச்சு. ஒரு ஜோடி புதுச்சேரியில் குழந்தை இல்லாத ஒரு தம்பதியிடம் போனது. இன்னொரு ஜோடி சிதம்பரத்தில் ஒரு வாத்தியார் வீட்டுக்கு. ஒரு முழு அறையையே கம்பி வலை அடித்து, கிளைகள் கட்டி விட்டிருந்தார். மிஞ்சிய ஒரு பெண்ணை லட்டுவின் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்து, பைகளை மாற்றி மாற்றிப் போட்டு வாசனை பழக்கி, இருபது நாள் கழித்துச் சேர்த்தோம். ஒரு வருஷத்துக்கு மேல் தனியாக இருந்த லட்டு வாலில் பாதி முடியைப் பிய்த்துப் போட்டிருந்தது. இப்போது முடி வளர்ந்திருக்கிறது. ரெண்டும் ஒரே பையில் தூங்குகின்றன. ராத்திரி ரெண்டு மணிக்குக் குலைக்கின்றன.

தம்பி இப்போது சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. போன மாசம் டீக்கடையில் பார்த்தேன். "அதுங்க எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டான். செல்லில் போட்டோ காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம், "முள்ளெலி நல்லாப் போகுதாம்ணா, வெளிநாட்டு ஜாதி. ஃப்ரெண்டு கூப்பிடறான்" என்றான்.

டீ ஆறுகிற வரைக்கும் பேசினேன். "பாக்கலாம்ணா" என்று சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டான். கேட்பானா தெரியாது. ஆனா அவன் இறக்கினா, வாங்கறதுக்கு என்னை மாதிரி ஒருத்தன் "சும்மா பாக்கலாம்"னு வண்டியை எடுப்பான். அது நல்லாத் தெரியும்.

டிஸ்கி: படித்துவிட்டு "அழகா இருக்கே, எங்க கிடைக்கும்"னு யாராவது கேட்டீங்கன்னா, சனிக்கிழமை செம்மங்குப்பம் வரவும். கழுவக் கூண்டு தரப்படும்.