நோய்க்கும் ஒரு சபர்

‘சபர்’ என்னும் சொல்லுக்கு நம் காவிரிப் படுகை முஸ்லிம் இல்லங்களில் தனிப்பொருள் உண்டு. கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் ராஜகிரியிலும் அச்சொல்லைக் கேட்டவுடன் கடலும் கப்பலும் நினைவுக்கு வரும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றோர் அன்றைய சபுராளிகள்; வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் இன்றைய சபுராளிகள். பொருள் தேடிப் புறப்படும்போது ஊரறியச் சொல்லிக்கொள்கிறோம்; பெரியோரிடம் துஆ பெறுகிறோம். நோய் தீர்க்கப் புறப்படும் பயணமோ ஒளிவாக நடைபெறுகிறது. அதுவும் ஆணின் மறைவிடம் சார்ந்த நோயென்றால், உடன்பிறந்தானும் அறியாமல் ரயிலேறுவோர் உளர். அந்த ஒளிவைப் பற்றியே சில சொல்ல விழைகிறோம்.

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து ஒரு சுரப்பி இருக்கிறது. புராஸ்டேட் என்பது அதன் பெயர். இளமையில் அக்ரோட்டுக் கொட்டையளவே இருக்கும், முதுமையில் பருக்கும். இரவில் பலமுறை எழ நேர்வதும், சிறுநீர் தடைப்பட்டுச் சொட்டுவதும் பெரும்பாலும் இதனால்தான். தொழுகையாளிக்கு இது இரட்டைத் துன்பம். ஒளு நின்றதா, ஆடை சுத்தமாக உள்ளதா என்ற ஐயத்தால் ஜமாஅத்தையே விட்டவர்களை நாம் அறிவோம். அடக்க இயலாத சொட்டு உள்ளவர், ஒவ்வொரு வக்துக்கும் நேரம் வந்தபின் சுத்தம் செய்து, ஒளுச் செய்து தொழலாம் என்று மார்க்கச் சட்டம் வழிவிட்டிருக்கிறது. மார்க்கம் கொடுத்த சலுகையைக் கேட்டறியவும் நாணம் தடுக்கிறது.

நமக்குத் தஞ்சையில் இரத்தம் சோதித்தபோது, பி.எஸ்.ஏ. என்னும் அளவு ஒன்பதைத் தொட்டிருந்தது. நான்கு வரை இயல்பென்று பொதுவாகக் கொள்வர். நான்குக்கும் பத்துக்கும் இடைப்பட்டோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கும். வெறும் வீக்கமும் அழற்சியும்கூட அளவை உயர்த்தும். ஐயம் தீரச் சுரப்பியின் சதையை எடுத்துப் பார்க்க வேண்டும். அதுவே பயாப்சி.

“சம்பா அறுவடை முடியட்டும்” என்றனர் உறவினர். வயல் காத்திருக்கும், நோயும் காத்திருக்கும் என்று யார் உறுதி கூறுவார்? தஞ்சையில் 1959 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கும் செய்துகொள்ளலாம். எனினும் மூத்த மகன் இராணிப்பேட்டையில் தோல் தொழிலில் இருப்பதால், “அத்தா, இங்கே வந்துவிடுங்கள்” என்றான். மயிலாடுதுறை, விழுப்புரம், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி சென்று இறங்கினோம். நான்கு ரக்அத்துகளை இரண்டாகச் சுருக்கும் முசாபிரின் சலுகையை, இம்முறை நோயாளியாகப் பெற்றோம்.

வேலூர் வீதிகளில் வங்க மொழிப் பலகைகள் தொங்குகின்றன. மேற்கு வங்கத்திலிருந்தும் வங்க தேசத்திலிருந்தும் அத்தனை பேர் மருத்துவம் நாடி வருகின்றனர். காத்திருக்கும் கூடத்தில் நம் அருகே ஒரு வங்காளப் பெரியவர் அமர்ந்திருந்தார். ஸலாமைத் தவிர இருவருக்கும் பொதுமொழியில்லை. அவர் தம் கையிலிருந்த சீட்டைக் காட்டினார்; நாம் நம்முடையதைக் காட்டினோம். இரண்டும் ஒரே பரிசோதனைக்கானவை. ஊரில் எவரிடமும் சொல்லத் தயங்குவதை, மொழி தெரியாத இருவர் சிரித்துக்கொண்டே பகிர்ந்துகொண்டோம்.

இவ்வூர் மருத்துவ நகரமானதற்கும் நாணத்துக்கும் தொடர்புண்டு. 1890களில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஐடா ஸ்கடரின் இல்லத்துக்கு வந்தனர். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஐடாவின் தந்தையார் மருத்துவர். ஆயினும் ஓர் ஆடவர் தம் மனைவியைத் தொடலாகாதென்று மூவரும் மறுத்தனர். அவர்களில் ஒருவர் முஸ்லிம். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவராக்கிற்று. 1900இல் அவர் வேலூரில் தொடங்கிய ஒரு கட்டில் மருந்தகமே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அன்று நாணத்தின் பெயரால் பெண்கள் மாண்டனர். இன்று அதே நாணத்தால் மாள்வோர் ஆண்கள் அல்லரா?

பரிசோதனைக்கு முன் குடலைச் சுத்தம் செய்து, கிருமி எதிர்ப்பு மருந்து கொடுத்தனர். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இடப்பக்கமாகச் சாய்ந்து, முழங்கால்களை மார்போடு மடக்கிப் படுத்தோம். தேவையான இடம் தவிர ஏனைய உடலைத் துணியால் மூடினர். மருத்துவத் தேவைக்கு, தேவையின் அளவே மறைவிடம் திறக்கலாம் என்பது நம் சட்ட அறிஞர்கள் கூறிய விதியன்றோ!

பெருவிரல் பருமனுள்ள ஒலியலைக் கருவியை ஆசனவழியே செலுத்தினர். அது வலியன்று, பெரும் சங்கடம். சுரப்பியின் இருபுறமும் மரப்பு ஊசி போட்டபோது எறும்பு கடித்தாற்போல் இருந்தது. “ஐயா, இப்போது ஒரு சத்தம் கேட்கும்; அசையாதீர்கள்” என்றார் மருத்துவர். ‘டப்’பென்று விசையூசி பாய்ந்து மீண்டது. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குள் குத்தூசி செருகி நெல்மணி எடுத்துப் பார்ப்பார்களே, அதுவே நினைவுக்கு வந்தது. ஓரிடத்தில் குத்தினால் மூட்டையின் உள்ளடக்கம் முழுதும் விளங்காது. ஆகவே பன்னிரண்டு இடங்களில் எடுத்தனர். இருபது நிமிடங்களில் முடிந்தது. நாமே எழுந்து நடந்தோம்.

சிறுநீரில் சில நாள் இரத்தம் கலந்திருக்கும். விந்துவில் சில வாரங்கள் நிறம் மாறியிருக்கலாம். இவற்றுக்கு அஞ்ச வேண்டா. ஆனால் குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அந்த நிமிடமே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஆகவே வெளியூரிலிருந்து செல்பவர் அன்றே ஊர் திரும்பாமல் சில நாள் தங்குவது நலம்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. இரண்டு துணுக்குகளில் புற்றணுக்கள் இருந்தன. ஆயினும் மெல்ல வளரும் வகை. “இப்போது அறுவையும் வேண்டாம், கதிர்வீச்சும் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொண்டு கண்காணிப்போம், ஓராண்டில் மீண்டும் சதை எடுத்துப் பார்ப்போம்” என்றனர். புற்று என்றாலே மரணம் என்று எண்ணியிருந்த இல்லத்தாருக்கு அது புதிய பாடம்.

நம் ஊரில் ஒரு பெரியவர் முதுகுவலி, முதுகுவலி என்றே ஈராண்டு தைலம் தேய்த்தார். இறுதியில் பார்த்தபோது நோய் புராஸ்டேட்டிலிருந்து முதுகெலும்பு வரை சென்றிருந்தது. சிறுநீர்த் தொல்லையை அவர் மனைவியிடமும் சொன்னதில்லை.

ஹயா என்பது மூமினின் அணிகலன். அது பாவத்தை நாணுவதற்கு, நோயை மறைப்பதற்கன்று. மருந்து செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்கின்றார்கள். ஐம்பதைக் கடந்த சகோதரர்களே! இந்நோய்க்குத் தொடக்கத்தில் அறிகுறியே இல்லாதிருக்கலாம். மருத்துவரைக் கேளுங்கள், மனைவியிடம் சொல்லுங்கள், மகனைத் துணைக்கு அழையுங்கள். ஊரறியச் சொல்லி, துஆ பெற்றுப் புறப்படும் சபர்களில் இதுவும் ஒன்றாகட்டும்.