இரு முனைகளிலிருந்து

போலந்து தேசத்தில் உத்தியோக நிமித்தமாக நான் வசித்த காலத்தில், ஈஸ்டர் பண்டிகைக்கு முந்திய வாரம், வீட்டுக்காரப் பாட்டியம்மாள் உள்ளீடு நீக்கிய ஒரு முட்டையையும் சிவப்புக் கம்பளி நூலுண்டை ஒன்றையும் என்னிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டதே முட்டைக்கு நூல் சுற்றும் வேலையில் எனக்குக் கிடைத்த முதற் பாடம். அந்த நாட்டில் முட்டையின்மேல் மெழுகினால் கோலமெழுதிச் சாயத்தில் தோய்ப்பதே பிரசித்தமானது. ஆயினும் கோரை போன்ற ஒரு நீர்ப்புல்லின் உள்ளிருக்கும் வெண்மையான சோற்றையும், வர்ண நூலையும் ஓட்டின்மேல் ஒட்டி அலங்கரிக்கும் சம்பிரதாயமும் உண்டு. தவக்காலத்தில் முட்டை விலக்கப்பட்டிருந்த பழைய நாட்களில், நாற்பது நாளும் உண்ணாமல் காத்திருந்த அந்தப் பண்டத்துக்குப் பண்டிகையன்று ஒரு தனிக் கௌரவம் இருந்தது இயல்புதானே.

முட்டையின் இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, மழுங்கிய பக்கத்துத் துளையைச் சற்றே பெரிதாக்கி, மஞ்சட்கருவை ஊசியால் கலைத்து ஊதி வெளியேற்றியபின், தண்ணீர் விட்டு அலசி நன்றாக உலரவிட வேண்டும். இதில் நான் அவசரப்பட்ட ஒரு வருஷம், உள்ளே ஈரம் தங்கி, முடித்து வைத்திருந்த பன்னிரண்டு முட்டைகளும் நாற்றமெடுத்தன. அவற்றைத் தோட்டத்தில் புதைத்தபோது உண்மையாகவே துக்கம் உண்டாயிற்று.

நூல் சுற்றுவதில் நான் முதலில் செய்த பிழை, ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை ஒரே ஓட்டமாகப் போக முயன்றதுதான். நடுவயிறு வரையில் ஒழுங்காக வந்த வரிகள், அதைத் தாண்டிய மாத்திரத்தில் ஒன்றைவிட்டொன்று விலகி, கூர்முனையை நோக்கி வழுக்கிச் சரிந்தன. பசையை அதிகமாகப் பூசிப் பார்த்தேன். நூல் ஊறிப் பொலிவிழந்ததே மிச்சம். இரண்டு நாள் பிரயத்தனப்பட்ட பிறகு, சிறுவயதில் பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிய ஞாபகம் வந்தது. ஆணியருகில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றும் சரிவில் இறங்கப் பார்க்க, முந்திய சுற்று அதைத் தாங்கி நிறுத்துகிறது அல்லவா? முட்டைக்கும் அதுவே விதி. ஆனால் அதற்குச் சரிவுகள் இரண்டு. ஆகவே இரு முனைகளிலிருந்தும் தனித்தனியே தொடங்கி நடுவயிற்றில் சந்திக்க வேண்டும். இதைப் பாட்டியம்மாளிடம் சொன்னபோது, அவர் தம் முட்டையைத் திருப்பிக் காட்டினார்: அவருடைய வரிகளும் வயிற்றில்தான் சந்தித்திருந்தன.

பசை, மைதா மாவைக் காய்ச்சியதே போதும். இரண்டு விரற்கடை அகலத்துக்குமேல் ஒரே தடவையில் பூசலாகாது, சுற்றிவருவதற்குள் காய்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள நூலாயின், சாமானியமான கோழிமுட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 7 மீட்டர் பிடிக்கும். முனையில் முதற் சுற்றைத் துளைமேல் நத்தையோட்டின் சுருளைப்போலப் படியவைப்பதற்கு மட்டும் நான் கால்மணி நேரம் செலவிடுகிறேன். அது கோணினால் பிறகு வரும் ஒவ்வொரு வரியும் அந்தக் கோணலையே எடுத்துச் செல்லும்.

இரு நூல்களும் சந்திக்கும் வயிற்றில், நுனிகளை ஊசியில் கோத்து அடுத்த வரிகளின் அடியில் நுழைத்துவிடுவேன். பாட்டியம்மாளோ அந்த இடத்தில் மூன்று வரி மஞ்சள் நூல் இடுவார். பெரிய சனிக்கிழமையன்று ரொட்டியும் உப்பும் உண்ணும் முட்டைகளும் வைத்து மந்திரிப்புக்காகக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் கூடையில், அந்த மஞ்சள் வரி மேலே தெரியும்படியாக, தாம் நூல் சுற்றிய முட்டையை அவர் இரண்டு கைகளாலும் எடுத்து வைத்தார்.