அவீஸ் கிராமத்து நிலவறை

பிரான்ஸ் தேசத்து ஷாம்பெய்ன் பிரதேசத்தில், எபெர்னே நகருக்குத் தெற்கே அவீஸ் கிராமத்தை ஒட்டிய சரிவுகளில், சில ஏக்கர் திராட்சையை ரசாயன உரமும் களைக்கொல்லியும் இன்றிப் பயிரிட்டு, விளைந்ததைத் தம் கையாலேயே நுரைக்கும் மதுவாக்கும் சிறு விவசாயி ஒருவரைக் காணும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

நிலவறைக்கு அழைத்துச் செல்லுமுன் அவர் என்னைத் தோட்டத்துக்குத்தான் கூட்டிப்போனார். கவாத்து முடிந்த கொடி வரிசைகளின் நடுவே மண்வெட்டியால் ஒரு கட்டியைப் பெயர்த்துக் கையில் உடைத்தபோது, மேலே புல்வேரும் மண்புழுவும் நிறைந்த மண்ணும், அடியில் நகத்தால் கீறினால் மாவாக உதிரும் வெண்சுண்ணாம்பும் தெரிந்தன. மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து கோடையில் வேருக்கு ஊட்டுவது அந்தச் சுண்ணாம்புதான். இடையிடையே நீலப் பிளாஸ்டிக் துணுக்குகளும் கிடந்தன: சென்ற நூற்றாண்டில் பாரிஸ் நகரக் குப்பையை உரமென்று இச்சரிவுகளில் பரப்பிய காலத்தின் மிச்சம்.

ரசாயனத்தைத் துறந்தவனிடம் இயற்கை தாட்சண்யம் காட்டுவதில்லை. அடிச்சாம்பல் நோய்க்கு எதிராக அவருக்குள்ள பிரதான ஆயுதம் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவைதான். அதிலும் ஏழாண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரத்துக்கு மேல் கூடாதென்பது ஐரோப்பிய விதி. மழை பெய்தால் மருந்து கழுவுண்டு போக, மறுபடி தெளிக்க வேண்டும். 2021-ல் மழை மிகுந்து இந்நோய் ஷாம்பெய்ன் எங்கும் விளைச்சலை வாரிக்கொண்டு போயிற்று. தாமிரமும் மண்ணில் தங்கிவிடும் உலோகம்தானே என்று கேட்டேன். "உண்மைதான், அதனால்தான் அளந்து அடிக்கிறோம்" என்றார்.

இங்கே பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும். 4,000 கிலோ பழத்திலிருந்து 2,550 லிட்டர் சாற்றுக்கு மேல் பிழியக் கூடாது. முதல் நொதித்தல் முடிந்த மதுவைச் சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் போத்தலில் அடைத்தால், உள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, வெளியேற வழியற்ற வாயு மதுவில் கரைந்து, ஏறக்குறைய ஆறு வளிமண்டல அழுத்தமாகத் திரள்கிறது. குறைந்தது 15 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம்; இவர் அதைவிட வெகுகாலம் காத்திருக்கிறார்.

நிலவறையில் துளையிட்ட மரச்சட்டங்களில் கழுத்துச் சாய்ந்து கிடந்த போத்தல்களை நாள்தோறும் சற்றே திருப்பி, வண்டலைக் கழுத்துக்கு இறக்குகிறார். பின்பு ஒன்றைத் தலைகீழாகப் பிடித்தபடி எடுத்து, மெல்ல நிமிர்த்தி, உள்ளிருக்கும் காற்றுக்குமிழி வண்டலை எட்டும் கணத்தில் இடுக்கியால் மூடியைத் தட்டினார். வண்டல் சீறி வெளிப்பட, அடுத்த நொடியே பெருவிரல் வாயை அடைத்தது. ஒரு நொடி முந்தினால் மது வீண், பிந்தினால் வண்டல் உள்ளேயே தங்கிவிடும். சம்பிரதாயமாகச் சேர்க்கும் சர்க்கரைப் பாகை இவர் சேர்ப்பதில்லை. பழத்தின் குறையை அந்த இனிப்பு மறைக்கும். மறைக்க விரும்பாதவருக்கு விவசாயத்தில் மன்னிப்புக் கிடையாது. அவர் ஊற்றித் தந்த மது புளிப்பும் உப்புச்சுவையும் கலந்து, நாவில் நெடுநேரம் நின்றது.

வெளியூர்த் திராட்சையை மலிவாகத் தருவித்த பெருநிறுவனங்களுக்கு எதிராக 1911-ல் கலகம் செய்த விவசாயிகளின் பிரதேசம் இது. இன்றும் பலர் பழத்தை அந்நிறுவனங்களுக்கே விற்கிறார்கள். தாமே விளைவித்துத் தாமே மது செய்பவரின் போத்தலை அடையாளம் காண விரும்பும் வாசகர், லேபிளின் ஓரத்தில் சிறிதாக அச்சிட்டிருக்கும் 'ஆர்.எம்.' என்ற எழுத்துகளைத் தேடிப் பார்க்கலாம்.