கடைசிக் கம்பம்

பாடப்புத்தகத்தில் வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ் என்று மூன்று. தெருவில் ஒன்றே ஒன்றுதான்: கரண்ட். கரண்ட் போச்சு, கரண்ட் அடிச்சிருச்சு, கரண்ட் பில்லு. கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில் நண்பனின் மாமா சொன்னதும் அப்படித்தான். "பொழுது சாஞ்சா கரண்ட் கம்மியா வருது தம்பி. கிணத்து மோட்டார் ரெண்டு தடவ எரிஞ்சுபோச்சு."

இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இது உறுத்தும். வோல்டேஜை ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் கரண்ட். வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையணும், சூடும் குறையணும். அப்புறம் எப்படி எரியும்?

குண்டு பல்புக்கு இந்தக் கணக்கு ஏறக்குறைய சரி. மங்கலாக எரியும், அவ்வளவுதான். மோட்டார் வேறு ஜாதி. சுற்றும்போது அதுவே ஓர் எதிர் வோல்டேஜை உண்டாக்கி, வரும் வோல்டேஜின் பெரும்பகுதியைத் தடுத்து நிற்கும். வோல்டேஜ் இறங்கிவிட்டது என்பதற்காகக் கிணற்றின் ஆழம் குறைந்துவிடாதே. அதே தண்ணீரைத் தூக்க வேண்டும். மோட்டார் தளர்கிறது, எதிர்ப்பு குறைகிறது, கூடுதல் கரண்ட் உள்ளே புகுகிறது. கரண்ட் இரண்டு மடங்கானால் காயிலில் சூடு நான்கு மடங்கு. வோல்டேஜ் இன்னும் இறங்கினால் சுற்றாமலே உறுமிக்கொண்டு நிற்கும். எரிவது பெரும்பாலும் அப்போதுதான். ஆக, கம்மியாக வந்தது வோல்டேஜ். அதிகமாகப் போனதுதான் கரண்ட்.

"ராத்திரி பதினோரு மணிக்கு மேல நல்லா வருது," என்றார் மாமா. டார்ச் லைட்டோடு போய்த் தண்ணி கட்டுகிறாராம்.

அந்த வரியில் நோய் என்னவென்று இருக்கிறது. புத்தகப் படத்தில் கம்பி என்பது தடையே இல்லாத ஒரு கோடு. மலையில் அது கம்பம் கம்பமாக நீளும் அலுமினியம். போக வர 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் எல்லா வீடும் சேர்ந்து 20 ஆம்பியர் இழுத்தால் 40 வோல்ட் வழியிலேயே தொலையும். டிரான்ஸ்ஃபார்மரில் 230, கடைசிக் கம்பத்தில் 190. வீடுகளுக்கு வரும் வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்றது 1956-ஆம் ஆண்டு மின்சார விதி. அதாவது 216-க்குக் கீழே போகக்கூடாது. ஊர் தூங்கினால் கரண்ட் குறைகிறது, கம்பி விழுங்குவதும் குறைகிறது.

ஓமுக்கே இந்தத் தொல்லை இருந்தது. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது அவர் வைத்திருந்த மின்கலத்தின் வோல்டேஜ் நிலையாக நிற்கவில்லை. அதை விட்டுவிட்டு, ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் இருக்கும் வெப்ப இணைக்கு மாறிய பிறகுதான் அளவுகள் ஒழுங்குக்கு வந்தன. 1827-இல் புத்தகம் வெளிவந்தது.

வசதியான வீட்டுக்காரர் ஸ்டெபிலைசர் வாங்குகிறார். எனக்கு இதுதான் இருப்பதிலேயே கசப்பான இடம். 1000 வாட் வேலைக்கு 230 வோல்ட்டில் 4.3 ஆம்பியர் போதும். 160 வோல்ட் வரும் வீட்டில் அதே 1000 வாட்டுக்கு ஸ்டெபிலைசர் 6.2 ஆம்பியர் இழுக்கும். கம்பியில் இழப்பு இன்னும் ஏறும், அடுத்த வீட்டு வோல்டேஜ் இன்னும் இறங்கும். அவரும் ஒன்று வாங்குவார். வாங்க முடியாதவர் வீட்டில் மிக்ஸி சுற்றாது.

தனித்தனி வீடாக இதற்கு வைத்தியம் கிடையாது. தாழ்வழுத்தக் கம்பியைச் சுருக்கி, 11,000 வோல்ட் லைனை ஊருக்குள்ளேயே கொண்டுவந்து சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைக்க வேண்டும். அதே திறனுக்கு 11,000 வோல்ட்டில் கரண்ட் சுமார் 48-இல் ஒரு பங்கு. அதே கம்பியில் சூடாகப் போவது சுமார் 2,300-இல் ஒரு பங்குதான்.